நிற்கும் ஒளி, நகரும் ஒளி

முழு நிலா நாளில் ஊருக்கு வெளியே ஒரு வயல்வரப்பில் கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள். லென்ஸை எஃப் 2.8 வரை திறந்து, ஐஎஸ்ஓ 1600 வைத்து, ஷட்டரை 8 விநாடி திறந்து வையுங்கள். கிடைக்கும் படம் பகலில் எடுத்தது போல இருக்கும். நெல் பச்சை, வானம் நீலம். அந்த நீலத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நட்சத்திரங்கள்தாம் அது இரவு என்பதற்குச் சாட்சி. கண்ணுக்குச் சாம்பலும் கறுப்புமாகத் தெரிந்த அதே வயல்தான் இது.

இதில் ஒளிந்திருப்பது ஒரு வகுத்தல் கணக்கு. நிலா வெளிச்சம் என்பது நிலவின் தரையில் பட்டுத் திரும்பிய வெயில். முழு நிலவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. நல்ல வெயிலுக்கு எஃப் 16, 1/100 விநாடி, ஐஎஸ்ஓ 100 என்பது ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் மீட்டர் பார்க்காமலே வைத்த அளவு. எஃப் 16-லிருந்து எஃப் 2.8-க்கு வந்தால் 32 மடங்கு ஒளி உள்ளே வரும். ஐஎஸ்ஓவை 100-லிருந்து 1600-க்கு ஏற்றினால் படம் 16 மடங்கு பிரகாசமாகும். இரண்டையும் பெருக்கினால் 512. 4 லட்சத்தை 512-ஆல் வகுத்தால் 780 சொச்சம். 1/100 விநாடியை அத்தனை மடங்கு நீட்டினால் 8 விநாடிக்குச் சற்றே குறைவு. அவ்வளவுதான். நீல வானத்துக்கும் பகலில் சொல்லும் காரணமே பொருந்தும்: வெயிலோ நிலவோ, காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கின்றன. அந்த மங்கலில் நம் கண் நிறம் அறியும் கூம்புச் செல்களைக் கைவிட்டுக் கோல் செல்களின் துணையோடு பார்க்கிறது. கோல் செல்களுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. ஆகவே கேமரா காட்டிய பச்சையும் நீலமும் பொய்யல்ல. அங்கே இருந்தவைதான்.

இரவுப் படம் எடுக்கத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது “என்ன செட்டிங் வைக்கணும்?” என்பதுதான். யாராவது மூன்று எண்களைச் சொல்லுவார்கள். அவை ஒரு இரவுக்குப் பொருந்தும், அடுத்த இரவில் கைவிடும். எண்களை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். நான் எடுக்கப்போகும் ஒளி நிற்கிறதா, நகர்கிறதா? நட்சத்திரமானாலும் சரி, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஓடும் காரின் பின்விளக்கானாலும் சரி, இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மூன்று எண்களும் பின்னாலேயே வந்துவிடும்.

அதற்கு முன் ஐஎஸ்ஓவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். கேமராவின் மூன்று முக்கிய அமைப்புகளில் ஒளியைச் சேர்ப்பவை இரண்டே: எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பது அபெர்ச்சர், எவ்வளவு நேரம் திறக்கிறோம் என்பது ஷட்டர். ஐஎஸ்ஓ ஒரு ஃபோட்டானைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவராது. திருவிழா மைக்செட்டில் வால்யூமைக் கூட்டினால் பாடுகிறவரின் குரலோடு ஒலிவாங்கியில் விழும் இரைச்சலும் சேர்ந்து பெருகுமே, அதே வேலையைத்தான் ஐஎஸ்ஓ செய்கிறது. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலிலும் விழுந்த ஒளி எலெக்ட்ரான்களாக மாறி நிற்கிறது. அந்தச் சிறு மின்னழுத்தத்தை எத்தனை மடங்கு பெருக்கிப் படிப்பது என்பதே ஐஎஸ்ஓ எண்.

அப்படியானால் படத்தில் தெரியும் மணல் போன்ற இரைச்சலுக்கு ஐஎஸ்ஓதான் காரணமா? பெரும்பாலும் இல்லை. ஒளி தன் இயல்பிலேயே சீராக வருவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில், ஒருமுறை 92 விழும், மறுமுறை 109 விழும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்பது இயற்பியல் விதி. 100 ஃபோட்டானுக்கு 10, அதாவது பத்து சதவீதம் ஆட்டம். 10,000 ஃபோட்டானுக்கு 100, அதாவது ஒரே ஒரு சதவீதம். பகல் படம் பளிங்கு போல இருப்பதும் இரவுப் படம் மணல் தூவியது போல இருப்பதும் இதனால்தான். ஐஎஸ்ஓவைக் கூட்டும்போது அந்த மணல் கண்ணுக்குத் தெரிகிறது. அது பிறந்ததோ ஒளி போதாமையால். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டவர் ஐஎஸ்ஓ 3200-ஐக் கண்டு பயப்பட மாட்டார். கூடுதலாக ஒளி சேர்க்க வழி இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லாவிட்டால் தயங்காமல் ஏற்றுவார்.

நட்சத்திரத்தின் முன்னால் அந்த வழியை அடைப்பது பூமி.

பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதனால் வானம் விநாடிக்கு 15 விகலை கோணம் நகர்கிறது. ஒரு டிகிரியில் 3,600 விகலைகள் என்பதால் இது மிகச் சிறிய அளவாகத் தோன்றலாம். கேமராவின் கண்ணோ அதைவிட நுட்பமானது. 24 மெகாபிக்சல் முழுச்சட்டக சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான். 20 மி.மீ. லென்ஸ் போட்டால் அந்த ஒரு பிக்சல் வானத்தில் சுமார் 62 விகலைகளைப் பார்க்கிறது. கணக்குப் போட்டால், ஒரு நட்சத்திரம் நான்கே விநாடியில் ஒரு பிக்சலைக் கடந்துவிடுகிறது.

புகைப்படக்காரர்களிடையே நெடுங்காலமாக உலவும் “500 விதி” ஒன்று உண்டு. 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வரும் விநாடிகள் வரை நட்சத்திரம் கோடாகாது என்கிறது அது. 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி. ஃபிலிமில் எடுத்து சிறிய அளவில் அச்சிட்ட காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய சென்சாரில் 25 விநாடிக்குள் நட்சத்திரம் ஆறு பிக்சல் நகர்ந்துவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி அரிசிமணியாகத் தெரியும். பிரான்சின் ல ஆவ்ர் நகர வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஃப்ரெடரிக் மிஷோ இதற்கு மாற்றாக ஒரு வாய்பாடு தந்தார். அபெர்ச்சர் எண்ணை 35-ஆல் பெருக்கி, பிக்சலின் மைக்ரான் அளவை 30-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டிக் குவியத்தூரத்தால் வகுப்பது அதன் எளிய வடிவம். நம் உதாரணத்துக்கு எஃப் 2.8 என்று வைத்தால் 14 விநாடி வருகிறது. லென்ஸ் எவ்வளவு நல்லதானாலும் நட்சத்திரத்தின் பிம்பம் இரண்டு மூன்று பிக்சல் பரவித்தான் விழும். அந்தப் பரவலுக்குள் அடங்கும் நகர்வு கண்ணில் படாது என்பதே இதன் உள்ளர்த்தம். படத்தைக் கைபேசியில் மட்டும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் 20 விநாடி தாராளமாக வைக்கலாம். சுவரளவு அச்சிடப் போகிறீர்கள் என்றால் 10-ஐத் தாண்டாதீர்கள்.

இதிலிருந்து கிளைக்கும் ஒரு உண்மை பலருக்கும் வியப்பாக இருக்கும். நட்சத்திரம் நான்கு விநாடியில் ஒரு பிக்சலை விட்டு விலகிவிடுகிறது என்றால், அதன் பிறகு எத்தனை விநாடி திறந்து வைத்தாலும் அந்தப் பிக்சலுக்கு அந்த நட்சத்திரத்திடமிருந்து இனி ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. ஷட்டர் நேரத்தை நீட்டினால் நட்சத்திரம் பிரகாசமாவதில்லை, நீளமாகிறது. நட்சத்திரத்துக்குப் பின்னாலுள்ள வானமோ எங்கும் ஒன்றுபோலப் பரவி நிற்பது. அது மட்டும் விநாடிக்கு விநாடி வெளுத்துக்கொண்டே போகும். நகரும் ஒளிக்கு அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான் கணக்கு. நிற்கும் ஒளிக்கு நேரமும் கணக்கு. மொட்டைமாடியில் 30 விநாடி வைத்துப் பார்த்துவிட்டு “வெறும் வெள்ளையாக வருகிறதே” என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு நேர்வது இதுதான்.

முதல் நட்சத்திரப் படத்திலும் இந்த நகர்வுதான் முதல் எதிரி. 1850 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் வில்லியம் பாண்டும் ஜான் ஆடம்ஸ் விப்பிளும் 15 அங்குலத் தொலைநோக்கியில் வெள்ளித்தகடு பொருத்தி வேகா நட்சத்திரத்தைப் படம்பிடித்தார்கள். நம் முன்னோர் அபிஜித் என்று அழைத்த நட்சத்திரம் அது. சுமார் 100 விநாடி தேவைப்பட்டது. அத்தனை நேரமும் கடிகார எந்திரம் ஒன்று தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1880 செப்டம்பரில், ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் காத்திருந்து ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமாக்கினார். இன்று சாதாரண கேமரா ஒன்று அதே நெபுலாவைச் சில விநாடிகளில் பிடித்துவிடுகிறது.

இவ்வளவு மாற்றம் எப்படி வந்தது? ஃபிலிமில் விழும் ஃபோட்டான்களில் ஒன்றிரண்டு சதவீதம்தான் பயன்பட்டது. இன்றைய சென்சார் பாதியையோ அதற்கு மேலோ எலெக்ட்ரானாக மாற்றுகிறது. ஃபிலிமுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அதிலுள்ள வெள்ளி உப்புப் படிகத்தில் சில ஃபோட்டான்கள் அடுத்தடுத்து விழுந்தால்தான் பிம்பம் பதியும். மங்கலான ஒளியில் ஒன்று விழுந்து அடுத்தது வருவதற்குள் முதலாவது செய்த மாற்றம் அழிந்துவிடும். ஆகவே இரண்டு மடங்கு நேரம் திறந்தால் இரண்டு மடங்கு பதிவு கிடைக்காது. இந்த இழப்பை நட்சத்திரத் தட்டுகளை வைத்து அளந்து விதியாக்கியவர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட். வியன்னாவின் குஃப்னர் வானாய்வகத்தில் அவர் வேலை பார்த்த இளமைக்காலம் அது. பிற்பாடு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டு, கருந்துளையின் எல்லைக்குத் தன் பெயரைத் தந்தவரும் அவரே. புகைப்படத் தட்டு ஏன் சோம்பேறித்தனம் செய்கிறது என்று யோசித்த அதே மனம்தான் ஒளியே தப்ப முடியாத இடத்தையும் எட்டியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. சென்சாரில் இந்த இழப்பு இல்லை. 20 விநாடியில் விழுந்தது 10 விநாடியில் விழுந்ததைப் போல் சரியாக இரு மடங்கு.

இனி அபெர்ச்சர். எஃப் எண் என்பது குவியத்தூரத்தை லென்ஸின் திறப்பு விட்டத்தால் வகுத்தது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் திறப்பு 28 மி.மீ.; 14 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் வெறும் 5 மி.மீ. இருட்டுக்குப் பழகிய இளம் கண்ணின் பாப்பா 7 மி.மீ. வரை விரியும். நட்சத்திரம் புள்ளியாக வரும் ஒளி என்பதால் அதற்கு இந்தத் திறப்பின் பரப்பளவுதான் முக்கியம்; விலை மலிவான அந்த 50 மி.மீ. லென்ஸ் கண்ணைப்போல் 16 மடங்கு ஒளியை அள்ளுகிறது. பால்வீதியோ பரவி நிற்கும் ஒளி. அதற்கு எஃப் எண்தான் பேசும். அகன்ற லென்ஸில் பால்வீதி அழகாகவும் நட்சத்திரங்கள் நுணுக்கமாகவும் வருவதும், 50 மி.மீ. லென்ஸில் நட்சத்திரங்கள் குவியல் குவியலாகக் கொட்டுவதும் இதனால்தான்.

நிலவில்லாத இருண்ட வானத்தில் பால்வீதிக்கு எஃப் 2.8, 15 அல்லது 20 விநாடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். ஐஎஸ்ஓவை 12800 வரை ஏற்றுவதில் லாபம் குறைவு, நஷ்டம் நிச்சயம். ஐஎஸ்ஓ ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் பிக்சல் வெள்ளையாக நிரம்பிவிடும் எல்லை பாதியாகக் குறைகிறது. கேட்டை நட்சத்திரத்தின் செம்மையும் அபிஜித்தின் நீலவெண்மையும் அதில் முதலில் பலியாகும். நிறமில்லாத வெள்ளைப் புள்ளிகளால் நிறைந்த வானம் எனக்கு வருத்தமூட்டும். வெள்ளைச் சமநிலையை 4000 கெல்வின் அருகே நிறுத்தி, ரா கோப்பாக எடுத்தால் நிறத்தைப் பிறகு பொறுமையாகச் சரிசெய்யலாம். ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும். லென்ஸில் பொறித்த முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். வெப்பத்தில் உலோகமும் கண்ணாடியும் விரிவதற்கு இடம்விட்டு, பல லென்ஸ்கள் அந்தக் குறியையும் தாண்டித் திரும்பும்படி செய்யப்படுகின்றன. கேமராவின் திரையில் படம் பளிச்சென்று தெரிகிறது என்பதையும் நம்ப வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும். ஹிஸ்டோகிராம் வரைபடம் மட்டும் ஏமாற்றாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரும் பேறு உண்டு. பால்வீதியின் மையம் வானின் தென்பகுதியில், விருச்சிகத்தின் வாலான மூலத்துக்கும் தனுசின் பூராடத்துக்கும் இடையே இருக்கிறது. லண்டனில் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரிகூட எழும்புவதில்லை. நேர் உச்சியிலிருந்து வரும் ஒளியைப்போல் ஆறு மடங்கு காற்றைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். ஜவ்வாது மலையில் அது 48 டிகிரி உயரம் ஏறுகிறது. கன்னியாகுமரியில் 53. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்ததற்கும், 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுத்தியதற்கும், தென்வானம் இவ்வளவு நன்றாகத் தெரிவது ஒரு காரணம். மார்ச் நடுவில் விடியற்காலை நான்கரை மணிக்கும், மே நடுவில் இரவு இரண்டரை மணிக்கும் பால்வீதியின் மையம் தெற்கே நன்கு உயர்ந்திருக்கும். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். கோடை இரவின் வெப்பம் மட்டும் ஒரு இடைஞ்சல். ஒளியே படாவிட்டாலும் சென்சாரில் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் கசியும். ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி சூடு ஏறினால் கசிவு இரு மடங்காகும். மலைமேல் ஏறுவதற்கு இது இன்னொரு நியாயம்.

அங்கே எடுத்த படத்தில் அடிவானத்தை ஒட்டிச் சில நாள் மெல்லிய பச்சை படரும். கேமராக் கோளாறு என்று நினைத்து அதைத் துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. தரையிலிருந்து 90, 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் வெயில் பிளந்துவைத்த ஆக்ஸிஜன் அணுக்கள் இரவில் உமிழும் ஒளி அது. அலைநீளம் 557.7 நானோமீட்டர். வானம் தானாக ஒளிர்கிறது. தயவுசெய்து அதை அழிக்காதீர்கள்.

இப்போது மலையிலிருந்து இறங்கி நகரத்துக்கு வருவோம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 10 விநாடி என்பது விளக்கேற்றிய ஒரு நகரக் காட்சிக்குச் சாதாரணமான அளவு. மேலே சொன்ன பால்வீதி அளவோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் சுமார் 400 முதல் 500 மடங்கு வித்தியாசம். இருந்தும் நகரப் படம்தான் கடினம் என்பது என் எண்ணம். வானத்தில் ஒளி குறைவு என்பது ஒன்றே சிக்கல். நகரத்தில் ஒரே சட்டகத்துக்குள் எல்.இ.டி. பல்பின் கண்கூசும் முகமும் இருக்கிறது, அதன் கம்பத்தடியில் நிற்கும் தள்ளுவண்டியின் நிழலும் இருக்கிறது. நல்ல சென்சார் ஒன்று தன் அடிப்படை ஐஎஸ்ஓவில் 14 ஸ்டாப் வரை, அதாவது சுமார் 16,000 மடங்கு வித்தியாசத்தைத் தாங்கும். ஐஎஸ்ஓ ஏற ஏற அந்தத் தாங்குதிறன் சுருங்கும். கட்டடம் எங்கும் நகர்ந்துபோகப் போவதில்லை. நிற்கும் ஒளிக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆகவே முக்காலி, ஐஎஸ்ஓ 100, விளக்குகள் முழுவதும் வெளுத்துப்போகாத அளவுக்கு நேரம். நிழலைப் பிறகு ரா கோப்பில் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்ததை மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது. கேமராவை முக்காலியில் வைத்த பிறகு அதன் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, விரல் படாமல் 2 விநாடி டைமரில் எடுப்பது நல்லது.

எஃப் 8 ஏன்? ஒளி ஓர் அலை. திறப்பு சுருங்கச் சுருங்க அது அதிகமாக விரிந்து மங்கும். எஃப் 8-இல் அந்த விரிவு சுமார் 11 மைக்ரான், இரண்டு பிக்சலுக்குள் அடங்கும். எஃப் 22-இல் 30 மைக்ரான், ஐந்து பிக்சல். தெருவிளக்கைச் சுற்றிக் கதிர்கள் விரியும் அழகும் இதே அலைக் குணத்தின் விளைவுதான். அபெர்ச்சரின் இதழ்கள் இரட்டைப்படையானால் அத்தனை கதிர், ஒற்றைப்படையானால் அதன் இரு மடங்கு. ஒன்பது இதழ் லென்ஸில் பதினெட்டு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் நட்சத்திரங்களைச் சுற்றி ஆறு பெரிய முனைகள் தெரிவதும் அதன் கண்ணாடிகள் அறுகோணமாக இருப்பதால்தான். கோவளம் சாலையின் சோடியம் விளக்கானாலும் விண்வெளியின் நட்சத்திரமானாலும் ஒளி ஒரே விதிக்குக் கட்டுப்படுகிறது.

கத்திப்பாராவின் சுருள் பாலங்களை உயரத்திலிருந்து 15 விநாடி திறந்து எடுத்தால் ஒரு காரும் தெரியாது. சிவப்பும் வெள்ளையுமாக ஒளிநூல்கள் மட்டும் வளைந்து ஓடும். காரின் உடல் எந்தப் பிக்சலிலும் பதிவாகும் அளவுக்கு நிற்பதில்லை. விளக்கு மட்டும் கடக்கும் கணத்திலேயே தன்னைப் பதித்துவிட்டுப் போகிறது. அந்த நூல்கள் வெளுத்துத் தடித்தால் நேரத்தைக் குறைத்துப் பயனில்லை, அபெர்ச்சரைச் சுருக்க வேண்டும். நட்சத்திரத்துக்குச் சொன்னது அப்படியே இங்கும் பொருந்துகிறது. மாறாக, தெருவில் நடக்கும் மனிதர்களை உறையவைக்க வேண்டுமென்று ஷட்டரை 1/500 என்று குறுக்கினால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை மறையும்.

நகரத்தின் நிறமே நம் கண்முன்னால் மாறியிருக்கிறது. 2015-இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்துக்குப் பிறகு, ஆரஞ்சு நிறச் சோடியம் விளக்குகள் இருந்த இடங்களில் வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது. சோடியத்தின் நிறவெப்பம் சுமார் 2,100 கெல்வின், எல்.இ.டி. தெருவிளக்கினுடையது பொதுவாக 4,000-க்கு மேல். இரண்டும் கலந்த தெருவில் எந்த வெள்ளைச் சமநிலையும் முழுதாகப் பொருந்தாது. வானத்துக்கு இது இன்னும் பெரிய இழப்பு. வெள்ளை எல்.இ.டி.யின் அடிப்படை 450 நானோமீட்டர் நீல ஒளி. காற்று அதைச் சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். 2016-இல் வெளியான உலக இரவு வான வரைபடத்தின்படி மனித இனத்தில் மூன்றில் ஒரு பங்கினர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது. தெருவிளக்குக்கு மேல்மூடி போடுவதும், வெளிச்சத்தைத் தரைநோக்கித் திருப்புவதும் ஒரு நகராட்சியால் செய்ய முடியாத காரியங்கள் அல்ல.

வானமும் நகரமும் சண்டையிடாத ஒரு பொழுது உண்டு. சூரியன் மறைந்து சிறிது நேரத்தில் வானத்தின் நீலமும் விளக்குகளின் மஞ்சளும் ஏறத்தாழ சமமாகும். லண்டனில் ஜூன் மாத அந்தி நெடுநேரம் நிற்கும். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், 21, 22 நிமிடத்தில் அது அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி போய்விடுகிறது. ரிப்பன் மாளிகையை நீல வானத்தின் முன் எடுக்க விரும்புகிறவர் சூரியன் மறைவதற்கு முன்பே சட்டகத்தை அமைத்து, ஃபோகஸை முடித்து நிற்க வேண்டும். முழு நிலவுக்கும் இதே பொழுதுதான். நிலவின் தரையில் வெயில் அடிக்கிறது. ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 11, 1/100 விநாடி போதும். இரவு நகரத்தின் அளவில் எடுத்தால் அது வெறும் வெள்ளை வட்டம். பௌர்ணமிக்கு முந்தைய மாலை நிலவு சூரியன் மறைவதற்கு முன்பே எழுந்துவிடும் என்பதால், மங்கும் வானமும் நிலவும் ஒரே சட்டகத்தில் அடங்க அதுவே நல்ல நாள்.

நகரத்துக்குள் நின்றபடி நட்சத்திரங்களையும் எடுக்க முடியுமா? முடியும். கூகுளின் பிக்சல் 4 கைபேசி 2019-இல் அதற்கு ஒரு பாதை காட்டியது: 16 விநாடி வீதம் 15 படங்கள் எடுத்து, நகர்வைச் சரிசெய்து, ஒன்றாக்கியது. ஒன்பது படங்களைச் சேர்த்தால் இரைச்சல் மூன்றில் ஒன்றாகும். அதே வர்க்கமூல விதிதான். இன்னொரு பாதை நகர்வைச் சரிசெய்யாமலே விடுவது. மொட்டைமாடியில் முக்காலியை நிறுத்தி, வானம் வெளுக்காத அளவுக்கு, எஃப் 4, ஐஎஸ்ஓ 400, 10 விநாடி என்பது போல வைத்து, இடைவெளி விடாமல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டே இருங்கள். பிறகு மென்பொருளில், ஒவ்வொரு பிக்சலிலும் எல்லாப் படங்களிலும் எது அதிகப் பிரகாசமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிற்கும் வானம் எத்தனை படம் சேர்ந்தாலும் அதே அளவில் இருக்கும்; நகரும் நட்சத்திரங்கள் மட்டும் 15 டிகிரி நீளத்துக்குக் கோடு வரையும்.

வடக்கே பார்த்து எடுத்தால் சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில், கன்னியாகுமரியில் 8 டிகிரி உயரத்தில், துருவ நட்சத்திரம் ஏறக்குறைய அசையாமல் நிற்க, மற்றவை அதைச் சுற்றும். அந்த உயரமே அந்த ஊரின் அட்சரேகை. ஆனால் நம் ஊருக்கே உரிய படம் கிழக்கே பார்த்து எடுப்பதுதான். மெரினாவில் நின்று அகன்ற லென்ஸில் வங்கக் கடலை நோக்கி எடுத்தால், சட்டகத்தின் நடுவில் நட்சத்திரங்கள் ஏறக்குறைய நேர்க்கோடுகளாக, கடலிலிருந்து செங்குத்துக்கு 13 டிகிரி மட்டும் தெற்கே சாய்ந்து எழும். இடப்பக்கக் கோடுகள் வடதுருவத்தைச் சுற்றி இடதாக வளையும். வலப்பக்கக் கோடுகள் தென்துருவத்தைச் சுற்றி வலதாக வளையும். ஐரோப்பாவின் வடகோடியில் வாழ்பவருக்கு நட்சத்திரங்கள் சாய்வாக உருண்டு ஏறும். வானின் நடுக்கோடு இப்படி நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க அவர் தெற்கே நெடுந்தூரம் வர வேண்டும்.